பயத்துக்குக் கூலி 2,000 டாலர்

‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ 1953-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பயத்தின் கூலி’. கதை நாலு வரியில் அடங்கிவிடும். தென் அமெரிக்காவில் ஓர் எண்ணெய்க் கிணறு தீப்பிடித்து எரிகிறது. அதை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். அந்த வெடிதிரவத்தை இரண்டு சாதாரண லாரிகளில் ஏற்றி, சுமார் 500 கி.மீ. கரடுமுரடான பாதையில் நான்கு பேர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பலமாக ஒரு குலுக்கல் குலுங்கினால் போதும், லாரியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார்.

படத்தில் துரத்தி வரும் எதிரி யாரும் இல்லை. துப்பாக்கிச் சண்டையோ கொலைகாரனைத் தேடும் புதிரோ கிடையாது. லாரி, பாதை, பின்னால் ஏற்றியிருக்கும் கேன்கள், முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு மனிதர்கள், அவ்வளவுதான். ஆனாலும் எழுபது ஆண்டுகள் கழித்து இன்று பார்ப்பவருக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. இயக்குநர் ஆன்றி ஜார்ஜ் க்ளூஸோ கண்டுகொண்ட உண்மை எளிமையானது: என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்பவருக்கு முழுமையாகத் தெரிந்துவிட்டால், அதன்பிறகு பயமுறுத்துவதற்குத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. சாலையில் கிடக்கும் ஒரு கல்லைக் காட்டினாலே போதும்.

படத்தின் மூலம் 1950-ல் வெளியான ஒரு நாவல். எழுதியவர் ஜார்ஜ் அர்னோ. அது புனைபெயர். ஆன்றி ஜிரார் என்ற இயற்பெயரில் அவர் வாழ்ந்த வாழ்க்கையே ஒரு நாவலுக்குக் காணும். 1941-ல் அவருடைய தந்தையும் அத்தையும் வீட்டுப் பணிப்பெண்ணும் குடும்பத்தின் பழைய மாளிகையில் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு அதே மாளிகையில் தங்கியிருந்த ஜிரார் கைதாகி, விசாரணைக் கைதியாகச் சிறையில் கிடந்து, 1943-ல் நிரபராதி என்று விடுதலையானார். பிறகு கிடைத்த சொத்தையெல்லாம் செலவழித்துவிட்டுத் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே கையில் காசில்லாமல், கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அலைந்த அனுபவத்தில் பிறந்ததுதான் இந்த நாவல். ஊர் திரும்பப் பணமில்லாமல் அந்நிய மண்ணில் மாட்டிக்கொண்டவனின் மனநிலை அவருக்குக் கேள்விஞானமல்ல.

க்ளூஸோவும் அடிபட்டவர்தான். இளம் வயதில் காசநோய் வந்து சில ஆண்டுகளைச் சானடோரியத்தில் கழித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், ஜெர்மானியர் நடத்திய நிறுவனத்துக்காக ‘லெ கோர்போ’ என்ற படத்தை எடுத்தார். போர் முடிந்ததும் அதற்காகவே அவர் படம் எடுக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். தடை நீங்கி 1947-ல் மீண்டும் வந்தார். பிரேசிலில் பிறந்த வேராவை 1950-ல் மணந்தபின் அந்த நாட்டுக்குப் போய்ப் படமெடுக்கத் திட்டமிட்டார், அது கைகூடவில்லை. தென் அமெரிக்காவைப் பற்றி மனத்தில் தேங்கியிருந்ததெல்லாம் பிறகு இந்தப் படத்துக்குள் வந்து சேர்ந்தது.

படத்தின் முதல் காட்சியே க்ளூஸோ யார் என்று சொல்லிவிடும். புழுதித் தரையில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். நூலில் கட்டிய கரப்பான்பூச்சிகளை வைத்து விளையாடுகிறான். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக இழுக்கிறது. எந்தப் பூச்சியாலும் எங்கும் போக முடியவில்லை. ஐஸ் விற்பவர் அந்தப் பக்கமாக வருகிறார், சிறுவனின் கவனம் அங்கே ஓடிவிடுகிறது. லாஸ் பியத்ராஸ் என்ற அந்தக் கற்பனை ஊரில் மாட்டிக்கொண்ட மனிதர்களை இனி பார்க்கப் போகிறோம். அவர்கள் யார், எப்படி இருக்கிறார்கள் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் இந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

லாஸ் பியத்ராஸில் வேலை இல்லை. வெயில், ஈ, ஒரு மதுக்கடை, கடைத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர் என்று பல நாட்டுக்காரர்கள். எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள், திரும்பிப் போக விமானக் கட்டணம் இல்லை. ஊரில் காசு என்று இருப்பது ஒரே இடத்தில்தான்: சதர்ன் ஆயில் கம்பெனி என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம். இந்தக் கம்பெனியும் கதைக்காகப் படைக்கப்பட்டதே.

மரியோ கோர்சிகா தீவைச் சேர்ந்த வாட்டசாட்டமான இளைஞன். பாரிஸ் மெட்ரோ ரயில் டிக்கெட் ஒன்றைப் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறான். வெறும் டிக்கெட்தான், அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் அவனிடம் பாரிஸ் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மதுக்கடையில் வேலைசெய்யும் லிண்டா அவனை நேசிக்கிறாள்; அவன் அவளை மதிப்பதில்லை. லிண்டாவாக நடித்தவர் வேரா க்ளூஸோ. மரியோவின் அறைத்தோழன் லூய்ஜி, சிரித்த முகமுள்ள இத்தாலியக் கட்டடத் தொழிலாளி. சிமென்ட் தூசி படிந்து நுரையீரல் கெட்டுவிட்டது, அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெலிந்து வெளுத்த பிம்பா ஜெர்மானியன். நாஜிகளால் தந்தையை இழந்தவன், அவர்களுடைய உப்புச் சுரங்கத்தில் கட்டாய வேலை செய்து உயிர்தப்பியவன். சாவை முன்பே பார்த்துவிட்டவனின் அமைதி அவனிடம் இருக்கிறது.

இவர்களுக்கு நடுவே ஒருநாள் விமானத்திலிருந்து இறங்குகிறார் ஜோ. அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை சூட், அதிகாரத் தோரணை. பாரிஸில் ரவுடியாக இருந்தவர். வந்த வேகத்தில் ஊரையே மிரட்டி வைத்துவிடுகிறார். மரியோவுக்கு அவர்மேல் பக்தியே வந்துவிடுகிறது. லூய்ஜியை உதறிவிட்டு ஜோவின் பின்னால் சுற்ற ஆரம்பிக்கிறான். இந்தப் பக்தி பின்னால் என்ன ஆகிறது என்பதுதான் படத்தின் உள்கதை.

இவ்வளவும் நடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. லாரி இன்னும் கிளம்பவில்லை. இன்றைய ரசிகர்கள் பலர் இங்கே பொறுமை இழக்கிறார்கள், படத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள். அது பெரிய தவறு. புத்தியுள்ள எவனும் ஏறாத லாரியில் இவர்கள் ஏன் ஏறினார்கள் என்பதற்கு விடை இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த ஊரின் சலிப்பைப் பார்ப்பவரும் அனுபவித்தால்தான், 2,000 டாலர் என்ற சொல் காதில் விழும்போது அந்த மனிதர்களின் கண்ணில் ஏறும் ஒளி புரியும்.

கிணறு தீப்பிடித்த செய்தி வருகிறது. கம்பெனியின் உள்ளூர் அதிகாரி ஓ’பிரையன் முடிவெடுக்கிறார்: நிரந்தரத் தொழிலாளிகளை இந்த வேலைக்கு அனுப்பினால் தொழிற்சங்கம் சும்மா விடாது. ஊரில் சுற்றும் வெளிநாட்டு ஆட்களுக்குச் சங்கமும் இல்லை, குடும்பமும் இல்லை. செத்தாலும் வந்து கேட்க நாதியில்லை. இந்தக் கணக்கு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. தலைக்கு 2,000 டாலர் என்று அறிவித்ததும் கம்பெனி வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. தேர்வில் கழிக்கப்பட்ட ஓர் இளைஞன் தூக்கில் தொங்குகிறான். ஆபத்தான வேலை கிடைக்காமல் போனதற்காக ஒருவன் உயிரைவிடும் ஊர் அது. ஜோவும் முதலில் தேர்வாகவில்லை. புறப்படும் நேரத்தில் நான்காவது டிரைவர் வந்து சேரவில்லை, அவன் இடத்தில் ஜோ வந்து நிற்கிறார். அந்த டிரைவருக்கு என்ன ஆனது என்று படம் சொல்வதில்லை. ஊகித்துக்கொள்ள விட்டுவிடுகிறது.

தேர்வுக்கு வந்தவர்கள்முன் ஓ’பிரையன் அந்தத் திரவத்தில் சிறிதளவைத் தரையில் சிந்திக் காட்டுகிறார். படீரென்று வெடிக்கிறது. சில நொடிகள்தான் இந்தக் காட்சி. ஆனால் மீதிப் படம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. சொட்டு விழுந்தாலே இப்படி என்றால் கேன் கேனாக ஏற்றிய லாரி என்ன ஆகும் என்ற கணக்கைப் பார்ப்பவர் இனி ஒவ்வொரு பள்ளத்திலும் தானே போட்டுக்கொள்வார்.

நைட்ரோகிளிசரினை 1847-ல் கண்டுபிடித்தவர் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சோப்ரேரோ. பார்க்க எண்ணெய் மாதிரி கனத்த திரவம். விறகோ பெட்ரோலோ எரிய வேண்டுமானால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். நைட்ரோகிளிசரினுக்கு அந்தத் தேவை இல்லை. எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. தூண்டிவிட ஒரு அதிர்ச்சி வேண்டும், அவ்வளவுதான். திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் இருக்கும். மேலே அடி விழும்போது குமிழி நசுங்கி, அந்தப் புள்ளியில் வெப்பம் சட்டென்று ஏறும். அங்கே தொடங்கும் வெடிப்பு நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் திரவத்துக்கும் பரவிவிடும். ஓடித் தப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆல்பிரட் நோபலின் குடும்பத்திலேயே இது பலிவாங்கியது. ஸ்டாக்ஹோமில் அவர்களுடைய தொழிற்கூடத்தில் 1864-ல் நடந்த வெடிப்பில் தம்பி எமில் உள்பட சிலர் இறந்தார்கள். இந்தத் திரவத்தை ஒருவகை நுண்துளை மண்ணில் ஊறவைத்தால் அதிர்ச்சியைத் தாங்கும் என்று நோபல் கண்டுபிடித்தார். அதுதான் 1867-ல் காப்புரிமை பெற்ற டைனமைட். அதே நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தபோது மருத்துவர்கள் மருந்தாக எழுதிக்கொடுத்ததும் நைட்ரோகிளிசரின்தான். ரத்தக் குழாய்களை விரிக்கும் குணம் அதற்கு உண்டு.

எண்ணெய்த் தொழிலுக்கும் நைட்ரோகிளிசரினுக்கும் உள்ள உறவும் கற்பனையல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1860-களிலேயே, சுரப்பு குறைந்த கிணறுகளின் அடியில் இதை இறக்கி வெடிக்கவைத்துப் பாறையைப் பிளந்து எண்ணெயை வரவழைத்தார்கள். அதற்கான திரவத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி மேடுபள்ளப் பாதையில் கொண்டுபோனவர்கள் உண்மையாகவே இருந்தார்கள். வழியில் வண்டியோடு சிதறிப்போனவர்களும் உண்டு. மரியோவுக்கும் ஜோவுக்கும் முன்னோடிகள் அவர்கள்.

தீயை வெடியால் அணைப்பது எப்படி என்ற கேள்வி படம் பார்க்கும் எல்லோருக்கும் வரும். எண்ணெய்க் கிணற்றில் எரிபொருள் பூமிக்கடியிலிருந்து பீறிட்டு வந்துகொண்டே இருக்கும், தண்ணீரால் மட்டும் அடக்குவது கடினம். கிணற்று வாய்க்கு அருகே பலமான வெடி வைத்தால், வெடியதிர்வு அந்த இடத்திலுள்ள காற்றைத் தள்ளி, பீறிடும் எண்ணெயிலிருந்து தீச்சுவாலையைத் துண்டித்துவிடும். மெழுகுவத்தியை ஊதி அணைப்பதைப் போல, ஆனால் பல மடங்கு வேகத்தில். தீ போனபின் பீறிடும் எண்ணெயை மூடி அடக்குவது தனி வேலை. அமெரிக்காவில் கின்லி குடும்பத்தார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்த முறை இது. அவர்களிடம் தொழில் கற்ற ரெட் அடேர், அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில் மாதக் கணக்கில் எரிந்த ஒரு எரிவாயுக் கிணற்றை 1962-ல் வெடிவைத்து அணைத்து உலகப் புகழ் பெற்றார்.

படத்தில் இனி பயணம். இரண்டு லாரிகளும் அரைமணி நேர இடைவெளி விட்டுக் கிளம்புகின்றன. ஒன்று வெடித்தால் மற்றது மிஞ்ச வேண்டும் என்பதற்காக. ஒன்றில் மரியோவும் ஜோவும். மற்றதில் லூய்ஜியும் பிம்பாவும்.

முதல் கண்டம் அலைச்சாலை. தகரக் கூரையைக் குப்புறப் போட்ட மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும் பாதை. மண்சாலைகளில் சக்கரங்கள் தொடர்ந்து ஓடும்போது இயல்பாகவே இப்படி வரிகள் விழும். மண்சாலையில் வண்டி ஓட்டிய யாருக்கும் அந்த நடுக்கம் தெரியும். இங்கே நைட்ரோகிளிசரினோடு போக இரண்டே வழி. மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே ஊர்ந்து போகலாம். அல்லது 60 கி.மீ.க்கு மேலே பறக்கலாம். அந்த வேகத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் உள்ள வேகம் எல்லாமே சாவு. முன்னால் போகும் லாரி ஊர்கிறது, பின்னால் வரும் லாரி பறக்கிறது. இரண்டும் ஒரே சாலையில். ஒருவரால் வேகத்தைக் குறைக்க முடியாது, மற்றவரால் கூட்ட முடியாது. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரியான இந்த அமைப்பிலிருந்து க்ளூஸோ பிழிந்தெடுக்கும் பதற்றம் அபாரமானது. வேகத்தைக் காட்டும் முள் இங்கே ஒரு நடிகரைப் போலவே வேலை செய்கிறது.

அடுத்தது மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரே மூச்சில் லாரி திரும்ப இடமில்லை. பள்ளத்தாக்கின் மேலே நீட்டிக் கட்டிய ஒரு மரத்தளத்தின்மீது ரிவர்ஸில் ஏறி, பிறகு முன்னால் வந்து திருப்ப வேண்டும். தளத்தின் மரம் உளுத்திருக்கிறது. லூய்ஜியின் லாரி எப்படியோ தாண்டிவிடுகிறது, தளத்தை இன்னும் பலவீனமாக்கிவிட்டு. பிறகு மரியோ. கேமரா பின்சக்கரத்துக்கு அருகில் போய் நிற்கிறது. சக்கரம் மரத்தில் வழுக்கிச் சுற்றுகிறது; பலகை நெரிகிறது; தளத்தைத் தாங்கும் கம்பிவடம் லாரியில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் நின்று கைகாட்ட வேண்டிய ஜோவால் அங்கே நிற்க முடியவில்லை. ஊரை மிரட்டிய அந்த மனிதர் உடைந்துபோவது இந்த இடத்தில் கண்ணெதிரே நடக்கிறது. இந்தக் காட்சியில் இசை கிடையாது. எஞ்சின் உறுமலும் மரம் முறியும் ஓசையும்தான். பயணம் முழுவதிலுமே பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. இசை வந்தால் பார்ப்பவர் அடுத்து என்ன என்று ஊகித்துவிடுவார். அந்தச் சிறு ஆறுதலைக்கூட க்ளூஸோ கொடுப்பதில்லை.

பிறகு பாதையை அடைத்துக் கிடக்கும் பெரும்பாறை. ஏற்றி வந்த சரக்கையே பயன்படுத்தலாம் என்கிறான் பிம்பா. பாறையில் துளை போடுகிறார்கள். கேனிலிருந்து கொஞ்சம் திரவத்தை ஒரு பிளாஸ்க்கில் எடுத்து, அதைத் துளைக்குள் மெல்ல மெல்ல இறக்குகிறான் பிம்பா. பால் ஊற்றும் தாயின் நிதானம் அந்தக் கையில். நெற்றியில் வியர்வை திரள்கிறது. கயிற்றில் ஒரு சுத்தியலைத் தொங்கவிட்டு, கயிறு எரிந்து அறுந்ததும் அது துளையின்மேல் விழும்படி ஏற்பாடு செய்கிறான். அடித்தால் வெடிக்கும் என்ற ஒரே பண்பைக் கருவியாக்கிக்கொண்ட இந்தக் காட்சி, வேலை தெரிந்த கைகளுக்குப் படம் செய்யும் மரியாதை. வெடித்தபின்பு இன்னொரு பயம்: மேலே எகிறிய கற்கள் லாரிகளின்மேல் விழாமல் இருக்க வேண்டுமே.

இவற்றையெல்லாம்விட உயர்ந்தது என்று சொல்லத்தக்க காட்சி சில நொடிகளே நீடிப்பது. மரியோவின் லாரி போய்க்கொண்டிருக்கிறது. மற்றது முன்னால், கண்ணுக்கெட்டாத தூரத்தில். ஜோ கொஞ்சம் தெளிந்து, தாளில் புகையிலையைப் பரப்பி சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறார். திடீரென்று எங்கிருந்தோ வந்த காற்று தாளிலிருந்த புகையிலைத் தூளை ஊதித் தள்ளிவிடுகிறது. ஜோ வெறும் தாளைப் பார்க்கிறார். அடுத்த கணம் ஒளி. அந்த லாரி எப்படி வெடித்தது, யார் என்ன பிழை செய்தார் என்று எதுவும் காட்டப்படுவதில்லை. இரண்டு மனிதர்கள் இல்லாமல் போனதைச் சொல்ல க்ளூஸோ எடுத்துக்கொண்டது ஒரு சிட்டிகைப் புகையிலை. பல கோடி செலவில் எடுக்கும் வெடிப்புக் காட்சிகள் மறந்துபோகும், இது மறக்காது. இறந்தவர்கள் பார்ப்பவரின் மனத்துக்கு நெருங்கி வந்துவிட்டவர்கள் என்பதுதான் கொடுமை.

வெடித்த இடத்தில் பெரும்பள்ளம். எண்ணெய்க் குழாய் உடைந்து பள்ளத்தில் கச்சா எண்ணெய் நிரம்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் நேரம் போனால் லாரி கடக்க முடியாது. ஜோ எண்ணெய்க் குட்டைக்குள் இறங்கி வழிகாட்டுகிறார். அவர் கால் சிக்கிக்கொள்கிறது. லாரியை நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும். மரியோ நிறுத்தவில்லை. ஒருகாலத்தில் தெய்வம்போல் பார்த்த மனிதரின் காலின்மேல் சக்கரம் ஏறுகிறது. முகம் முழுக்கக் கருப்பெண்ணெய் வழிய ஜோ கிடப்பதும், மரியோ அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு லாரி ஓட்டுவதும் உலக சினிமாவின் மிகக் கடுமையான காட்சிகளில் சேரும். கிணற்றை எட்டியபின் படம் எப்படி முடிகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பார்ப்பது நல்லது.

தைரியம் என்ற குணத்தைப் படம் கையாளும் விதம் தனித்துப் பேசத்தக்கது. கோழையாக மாறும் ஜோவைப் படம் பழிப்பதில்லை. பயப்படுவதும் இந்த வேலையின் ஒரு பங்குதான், அதற்கும் சேர்த்துத்தான் கூலி என்று ஜோ தன் தரப்பைச் சொல்கிறார். தலைப்பின் பொருள் அங்கே துலங்குகிறது. எதிர்த்திசையில் மரியோவிடம் பயம் குறையக் குறைய இரக்கமும் குறைகிறது. கடைசியில் யாருடைய பக்கம் நிற்பது என்று பார்ப்பவர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தில்தான் படத்தின் கனம் இருக்கிறது. வெறும் பரபரப்பு இரண்டாம் முறை பார்க்கும்போது தேய்ந்துவிடும். ஜோவும் மரியோவும் இரண்டாம் முறையில்தான் முழுதாகத் தெரிகிறார்கள்.

ஜோவாக நடித்தவர் ஷார்ல் வனேல். மௌனப்பட காலத்திலிருந்தே நடித்துவந்தவர். அந்த வேடத்துக்கு முதலில் அழைக்கப்பட்டவர் அன்றைய பெரிய நட்சத்திரம் ழான் கபேன். கோழையாக நடித்தால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார். மரியோவாக ஈவ் மோந்தான். பாடகராகவே பிரபலமாக இருந்த அவரை உலகம் நடிகராக ஏற்றது இந்தப் படத்துக்குப் பிறகுதான். லூய்ஜியாக ஃபோல்கோ லுல்லி, பிம்பாவாக பீட்டர் வான் ஐக். கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு அர்மான் தீரார்.

திரையில் தெரியும் தென் அமெரிக்கா உண்மையில் தென் பிரான்ஸ். காமார்க் சமவெளியிலும் அதை அடுத்த பகுதிகளிலும் ஊரைச் செட்டாகப் போட்டு, 1951 ஆகஸ்டில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். ஒன்பது வாரத்தில் முடிப்பதாகத் திட்டம். வெயில் கொளுத்தும் ஊரைக் காட்ட வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் சேற்றில் புதைந்தன, கிரேன்கள் சாய்ந்தன, செட்டுகள் பாழாயின. க்ளூஸோவின் கணுக்கால் முறிந்தது, வேரா நோயில் விழுந்தார். பட்ஜெட் எகிறியது. நவம்பர் வந்தபோது பாதிப் படம்தான் கையில் இருந்தது. பகல் குறுகிவிட்டதால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த கோடையில், 1952-ல், மீதியை எடுத்தார்கள். இவ்வளவு தடங்கலும் திரையில் எங்கும் தெரியவில்லை. எண்ணெயும் சேறும் வியர்வையும் நடிகர்களின் மேல் உண்மையாகவே படிந்திருப்பது மட்டும் தெரிகிறது.

1953-ல் கான் பட விழாவின் உச்சப் பரிசையும் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும் இந்த ஒரே படம் வென்றது. வனேலின் நடிப்புக்குக் கானில் தனிப் பாராட்டு கிடைத்தது. பிறகு பிரிட்டனின் பாஃப்டா விருதும் வந்தது. பிரான்சில் ஏறத்தாழ 70 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. விருதும் வசூலும் இப்படிச் சேர்ந்து வருவது அரிது. அமெரிக்காவில் மட்டும் வரவேற்பு வேறு மாதிரி. எண்ணெய்க் கம்பெனியைக் காட்டிய விதம் அமெரிக்க எதிர்ப்பு என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. 1955-ல் அங்கே வெளியானபோது கம்பெனி தொடர்பான பகுதிகளை வெட்டித்தான் திரையிட்டார்கள். அந்த வெட்டுப்பட்ட பிரதியே பல ஆண்டுகள் பல நாடுகளில் சுற்றியது. இந்த மனிதர்கள் ஏன் லாரியில் ஏறினார்கள் என்ற காரணத்தையே வெட்டிவிட்டால் மிஞ்சுவது சாகசம் மட்டும்தான்.

ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் இதே நாவலை 1977-ல் ‘சார்சரர்’ என்ற பெயரில் மீண்டும் எடுத்தார். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் பெருவெற்றிக்குப் பிறகு அவர் எடுத்த படம் இது. கொட்டும் மழையில், அறுந்து தொங்கும் கயிற்றுப் பாலத்தின்மேல் லாரி ஆடி ஆடிக் கடக்கும் காட்சி க்ளூஸோவின் மரத்தளத்தோடு சமமாக வைக்கத் தகுந்தது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியாகியிருந்தது; கூட்டம் முழுவதும் அங்கே போய்விட, ஃபிரீட்கினின் படம் பெருந்தோல்வி அடைந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை பேசப்பட்டது. அந்தப் படத்தை அவர் க்ளூஸோவுக்குச் சமர்ப்பித்திருந்தார். அது வெளியாவதைப் பார்க்க க்ளூஸோ இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார். 2024-ல் பிரெஞ்சிலேயே இன்னொரு மறு ஆக்கமும் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் துப்பாக்கியும் துரத்தலும் நிறைய உண்டு. பழைய படத்தின் பயம் இல்லை.

க்ளூஸோவின் படத்தைப் பார்க்க விரும்புபவர்கள் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும் முழுப் பிரதியைத் தேடிப் பார்க்க வேண்டும். வெட்டுகளை மீட்டு, பிம்பத்தைச் செப்பனிட்டு வெளியிட்ட டிஜிட்டல் பதிப்பு இப்போது கிடைக்கிறது. பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன் என்று பல மொழிகள் கலந்து பேசும் படம் என்பதால் டப்பிங்கைவிட சப்டைட்டிலே ஏற்றது. யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதிலும் அந்த ஊரின் தனிமை இருக்கிறது.